தாபோலி வரை அணைக்கக் கூடாத வண்டி

புனேயிலிருந்து தாம்ஹினி மலைப்பாதை வழியாகத் தாபோலிக்குக் காரில் போக நினைக்கிறவர்கள் இதைப் படிக்கலாம். புது பேட்டரி போட்ட மறுநாளே தூரப் பயணம் கிளம்புகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் செய்து மாட்டிக்கொண்ட ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

போன ஆவணியில் எங்கள் மகள் நிவேதாவுக்குத் தாபோலி பக்கம் ஒரு வேளாண்மைக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய வருடம் கொஞ்ச மார்க்கில் கைவிட்டுப் போனது. பிள்ளை ஒரு வருடம் வீட்டிலேயே உட்கார்ந்து படித்து, மறுபடி எழுதி வாங்கியது. அசல் சான்றிதழ்களோடு திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நேரில் வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்று வியாழக்கிழமை தகவல் வந்தது. வெள்ளியும் சனியும் எனக்கு லீவு கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே போய்த் தங்கிவிடலாம் என்று என் மனைவி கலா சொன்னாள். ஆறு மணி நேரப் பயணத்துக்கு எதற்கு ஒரு நாள் லாட்ஜ் வாடகை என்று கேட்டேன். நான் கேட்கும் கேள்விகளில் முக்கால்வாசி பிறகு எனக்கே திரும்பி வரும். இதுவும் வந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஊர் தாராபுரம். பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு என்னை விட்டது. பதினெட்டு வருடமாகப் புனேயில் இருக்கிறோம், வீடு லோஹேகாவில். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் ஸ்டோர் பொறுப்பு. ஆயிரக்கணக்கான ஸ்டார்ட்டர் மோட்டார்களை அட்டைப்பெட்டியோடு எண்ணி லாரியில் ஏற்றியிருக்கிறேன். ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஆனால் எங்கள் குடியிருப்பில் யாருக்கு வண்டி நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் போய் பானெட்டைத் திறந்து, 'ம்ம்' என்று சொல்லிவிட்டு வருவேன்.

எங்கள் கார் பத்து வருடப் பழசு, சின்ன வண்டி. மழைக்காலம் வந்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சளி பிடித்த மாதிரி இழுத்துக்கொண்டே இருந்தது. பேட்டரிக்கு நான்கு வயது முடிந்துவிட்டது. மலைப்பாதையில் ரிஸ்க் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமை மாலை லோஹேகாவ் சாலையில் ஷிண்டே என்பவரின் கடையில் புதிது மாற்றினேன். பழையதை எடுத்துக்கொண்டு 4,600 ரூபாய். ஷிண்டே போனில் பேசப் போன இடைவெளியில், கலா கொடுத்தனுப்பியிருந்த பையைப் பிரித்துப் புது பேட்டரிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். நாங்கள் எந்தப் புதுப் பொருளையும் அது இல்லாமல் தொடுவதில்லை. மிக்ஸிக்கு வைத்தோம், ஃபிரிட்ஜுக்கு வைத்தோம், நிவேதாவின் லேப்டாப்புக்கு அவள் கத்தக் கத்த வைத்தோம். ஷிண்டே வந்து மாட்டி முடுக்கினார். சாவியைத் திருப்பியதும் வண்டி உடனே கிளம்பியது. வீட்டுக்கு வந்து, இனி நான்கு வருடத்துக்குக் கவலை இல்லை என்று கலாவிடம் அறிவித்தேன்.

கவலை பதினோரு மணி நேரத்தில் வந்துவிட்டது.

திங்கள் காலை ஆறு மணி. மூன்று பைகள், ஒரு படுக்கை, ஒரு வாளி, சான்றிதழ் கவர், வெந்நீர் பிளாஸ்க், இட்லி டப்பா, எல்லாம் ஏற்றியாகிவிட்டது. விமானப்படைத் தளத்திலிருந்து முதல் விமானம் தலைக்கு மேலே கிளம்பிப் போனது. நாங்கள் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் எல்லா விளக்கும் எரிந்தது. ஸ்டார்ட் பண்ணினால் 'டக்' என்று ஒரே சத்தம், அதோடு விளக்கெல்லாம் மங்கிவிடும். திரும்பத் திருப்பினேன். டக்.

பானெட்டைத் திறந்தேன். 'ம்ம்' என்றேன். பேட்டரியில் வந்து சேரும் இரண்டு கம்பிகளையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். கெட்டியாக இருந்தன. வேறு எதை ஆட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

ஷிண்டேவுக்குப் போன் போட்டேன். பாவம், தூக்கக் கலக்கத்தில் எடுத்தார். எனக்குத் தெரிந்த இந்தி முழுவதையும் அவர் மேல் கொட்டினேன். பழைய பேட்டரிக்குப் புது ஸ்டிக்கர் ஒட்டி என் தலையில் கட்டிவிட்டாய் என்றேன். அவர் நிதானமாக, கம்பி மாட்டியிருக்கும் முனையைப் பாருங்கள் என்றார். பார்த்தாச்சு, கெட்டியாக இருக்கிறது என்றேன். கழற்றிப் பாருங்கள் என்றார். செத்த பேட்டரியைக் கொடுத்துவிட்டு என்னைக் கழற்றச் சொல்கிறாயா என்று கேட்டுப் போனை வைத்துவிட்டேன். கடை திறக்கப் பத்து மணி ஆகும். வாடகைக் கார் செயலியில் தாபோலிக்குக் கேட்டால், மழை, மலைப்பாதை என்று இரண்டு பேர் ஒப்புக்கொண்டு பிறகு ரத்து செய்தார்கள். காலை பஸ் போய்விட்டிருந்தது.

நிவேதா வாளிக்குப் பக்கத்தில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.  சான்றிதழ் கவரை மட்டும் மடியில் வைத்திருந்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

கீழ்வீட்டு ஜாதவ் காக்கா நடைப்பயிற்சி முடிந்து வந்தார். காக்கா என்றால் மராத்தியில் சித்தப்பா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கார் வருடத்தில் முக்கால்வாசி நாள் உறைக்குள்தான் இருக்கும். ஆனால் டிக்கியில் ஜம்ப் கேபிள், கயிறு, முக்கோணப் பலகை எல்லாம் அடுக்கி வைத்திருப்பார். தன் வண்டியை எங்கள் வண்டிக்கு முட்டுகிற மாதிரி கொண்டுவந்து நிறுத்தினார். சிவப்புக் கம்பியின் கிளிப்பை எங்கள் பேட்டரியின் சிவப்பு மூடியைத் தூக்கி உள்ளே இருந்த கவ்வி மேல் மாட்டினார். கறுப்பை எங்கள் எஞ்சினில் ஒரு வெற்று இரும்பில் மாட்டினார். சாவியைத் திருப்பினேன். வண்டி சிரித்துக்கொண்டு எழுந்தது.

காக்கா தீர்ப்பு சொன்னார். என் பேட்டரியில் கிளம்புகிறது, உன்னுடையதில் கிளம்பவில்லை, ஆகவே உன் புது பேட்டரி செத்தது. இதில் என்ன தப்பு இருக்க முடியும்? நான் ஷிண்டேவை மனதுக்குள் இன்னொரு சுற்றுத் திட்டினேன்.

"அண்ணா, ஏக் பாத்," என்று காக்கா என் ஜன்னலுக்குக் குனிந்து சொன்னார். "தாபோலி தக் பந்த் மத் கர்னா."

தாபோலி வரை அணைக்காதே. ஓடிக்கொண்டிருக்கும் வரை எஞ்சினே மின்சாரம் தயாரித்துக்கொள்ளும், நின்றால் நின்றதுதான் என்றார். ஜம்ப் கேபிளைச் சுருட்டி நிவேதாவின் கையில் கொடுத்தார். எங்காவது நின்றால் எந்தக் காரையாவது நிறுத்திக் கேள் என்று அவளுக்கு இரண்டு தடவை கிளிப் மாட்டும் முறையைக் காட்டினார். மணி 7.40.

இனி பயணம். லோஹேகாவிலிருந்து சாந்தனி சௌக் வரை 24 கிலோமீட்டர்தான், ஆனால் திங்கட்கிழமை காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஹிஞ்சேவாடிக்குப் போகும் கம்பெனி வண்டிகள் எல்லாம் எங்கள் முன்னால் வரிசை கட்டின.  எனக்கு ஒரு பழக்கம் உண்டு, பெரிய சிக்னல் வந்தால் பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிடுவேன். கை தானாகச் சாவிக்குப் போகும். யெரவடா சிக்னலில் கை அப்படிப் போனபோது கலா என் மணிக்கட்டில் ஓர் அடி வைத்தாள். அதற்குப் பிறகு சாந்தனி சௌக் வரை அவளுடைய கை சாவி மேலேயே இருந்தது.

சாந்தனி சௌக்கில் பெட்ரோல் போட்டுவிடலாம் என்றாள் கலா. அங்கே நின்றாலும் உதவிக்கு ஆயிரம் வண்டி இருக்கிறது. முள் பாதியில் இருக்கிறது, போதும் என்றேன். எங்கள் வண்டியின் முள்ளைப் பற்றி எனக்குத் தெரியாமல் இல்லை. பாதி வரை அது மெதுவாக இறங்கும், பாதிக்குக் கீழே குதித்துவிடும். தெரிந்தும் சொன்னேன். பெட்ரோல் போட வேண்டுமென்றால் அணைக்க வேண்டும். அணைக்கிற தைரியம் எனக்கு இல்லை.

பிரங்குட் தாண்டி பௌட் வந்தால் ஊர்க் களை மாறிவிடும். இரண்டு பக்கமும் நெல் வயல், நனைந்த எருமைகள். பௌடில் ஒரு கடையில் போஹா என்கிற அவல் உப்புமாவும் டீயும் நன்றாக இருக்கும், மூன்று பேருக்கு 150 ரூபாய் ஆனது. அந்தக் கடையில் உட்கார்ந்து சாப்பிட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தேன். கலா தட்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். அந்தப் பத்து நிமிடத்தில் நான்கு பேர் கண்ணாடியைத் தட்டி, வண்டி ஆனிலேயே இருக்கிறது காக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மகாராஷ்டிராக்காரர்களுக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான்காவது ஆளிடம் நன்றி சொல்லும்போது என் வாயில் போஹா இருந்தது.

பிறகு முள்ஷி அணையின் தண்ணீர் சாலையோரமாகவே கொஞ்ச தூரம் வரும். அதற்கு மேல் தாம்ஹினி. மழைக்காலத்தில் இந்தப் பாதையைப் பார்க்காமல் புனேயில் இருந்து என்ன பயன் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். வலது பக்கப் பாறையிலிருந்து தண்ணீர் கோடு கோடாக விழுகிறது, சில இடத்தில் சாலையிலேயே விழுகிறது. மூடுபனி வந்தால் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமையாக இருந்தும் ஓர் அருவியில் முப்பது நாற்பது பேர் வண்டிகளை வளைவிலேயே நிறுத்திவிட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஏற்றத்தில், பாதி கிளட்சில், விளக்கும் வைப்பரும் ஓட, இருபது நிமிடம் அங்குலம் அங்குலமாக நகர்ந்தோம். எனக்கு அருவி தெரியவில்லை. ஆர்.பி.எம். முள் மட்டும் தெரிந்தது.

"அப்பா, தேக்கோ நா, எவ்வளவு அழகா இருக்கு," என்றாள் நிவேதா பின்னாலிருந்து. காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். அவள் தமிழ் பாதி தமிழ், பாதி இந்தி. வருத்தமாக இருந்தால் அதுவும் வராது. சிரிப்பு வந்தால் இரண்டும் கலந்து கொட்டும். நான் ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

மலைப்பாதை இறங்கி, நிஜாம்பூர் தாண்டி, மாண்காவ் வரும்போது மணி 12.15. வீட்டிலிருந்து 122 கிலோமீட்டர். முள் குதித்துவிட்டது. பெட்ரோல் விளக்கு ஐந்து கிலோமீட்டருக்கு முன்பே எரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் 85 கிலோமீட்டர் இருக்கிறது. பெட்ரோல் போடாமல் போக முடியாது. போட வேண்டுமென்றால் அணைக்க வேண்டும்.

பங்க்கில் ஊழியரிடம் கெஞ்சிப் பார்த்தேன். அவர் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, அணை என்று சைகை மட்டும் காட்டினார். அவர் செய்தது சரி. எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் பிடித்து நாங்கள் மூன்று பேரும் வாளியோடு சேர்ந்து எரிந்தால் யாருக்கு லாபம்? கலாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சாவியைத் திருப்பினேன். நாலரை மணி நேரமாகக் காதில் இருந்த சத்தம் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. இருபது லிட்டர் போட்டேன். சாவியைத் திருப்பினேன்.

டக்.

ஊழியரும் நானும் கலாவும் தள்ளி வண்டியைக் காற்று பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம். நிவேதா கேபிளோடு மழையில் இறங்கிவிட்டாள். எனக்கு முன்னால் அவளே போய் வண்டிகளைக் கேட்டாள். புத்தம் புது பெரிய காரில் வந்த ஒருவர், வாரண்டி போய்விடும் என்று கண்ணாடியை ஏற்றினார். இரண்டு ஆட்டோ வந்தது, அதன் பேட்டரி போதாது. அடுத்து டீசல் போட ஒரு லாரி வந்தது. டிரைவர் நல்ல மனிதர், உடனே வா, மாட்டு என்றார். நான் கேபிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். நிவேதா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். லாரி பேட்டரி இருபத்திநான்கு வோல்ட், நம்முடையது பன்னிரண்டு, மாட்டினால் வண்டியில் இருப்பதெல்லாம் கருகிவிடும் என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல். நானும் பன்னிரண்டாம் வகுப்புதான், எனக்கு அதெல்லாம் நடத்தினார்களா என்பதே நினைவில்லை.

மணி 12.50. மழை விடவில்லை. தாபோலிக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும். நான் தூணில் சாய்ந்து நின்றேன். ஒரு வருடம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்த பிள்ளை. நான் லாட்ஜ் வாடகையை மிச்சம் பிடித்தவன். என் மனதில் ஓடியது கலாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிளாஸ்க்கைத் திறந்து வெந்நீரை ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள்.

நிவேதா பானெட்டைத் திறந்து, போன் வெளிச்சத்தைப் பிடித்துக் குனிந்துகொண்டிருந்தாள். அடுத்து எந்தக் கார் வந்தாலும் உடனே மாட்டத் தயாராக, காக்கா எங்கே மாட்டினார் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"அப்பா, காக்கா கிளிப்பை இந்தக் கவ்வி மேலதானே போட்டார்? உள்ள இருக்கிற ரவுண்ட் மேல போடலையே?"

ஆமாம் என்றேன்.

"அப்போ கரண்ட் கவ்வியிலேர்ந்து நேரா வண்டிக்குப் போச்சு. நம்ம பேட்டரிக்குள்ள போகவே இல்ல." கவ்வியை விரலால் தட்டினாள். "பேட்டரி கராப்னு எப்படித் தெரியும்? கவ்விக்கும் அந்த ரவுண்டுக்கும் நடுவுல கனெக்‌ஷன் இல்லன்னாலும் இப்படித்தானே ஆகும்?"

கெட்டியாகத்தான் இருக்கிறது, நான் ஆட்டிப் பார்த்தேன் என்றேன். அவள் தலைமுடியிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி, முனைக்கும் கவ்விக்கும் நடுவில் இருந்த இடுக்கில் விட்டுச் சுரண்டினாள். மஞ்சளாக ஒரு பொடி உதிர்ந்தது. விரலில் தொட்டு முகர்ந்தாள். பிறகு அந்த விரலை அப்படியே என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

மாண்காவ் பெட்ரோல் பங்க்கில், அந்த டீசல் வாடைக்கு நடுவில், எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை மணந்தது.

"ஏனுங்க," என்றாள் கலா, மிகவும் மெதுவாக. "சந்தனத்தை எங்க வெச்சீங்க?"

பேட்டரிக்குத்தான் வைத்தேன் என்றேன்.

"பேட்டரீல எங்கீங்க?"

சொல்ல வேண்டியதாயிற்று. பேட்டரியைப் பார்த்தபோது அந்த இரண்டு உருண்டை முனைகளும் இரண்டு மொட்டைத் தலை மாதிரி தெரிந்தன. மூடி வெறும் பிளாஸ்டிக், உயிர் இருப்பது முனையில்தானே என்று, அந்தத் தலைகளுக்குத்தான் சந்தனத்தைக் குழைத்து, கழுத்து வரைக்கும் தாராளமாகப் பூசினேன். அதன் மேல் குங்குமம். ஷிண்டே போன் பேசிக்கொண்டே வந்தவர், அதன் மேலேயே கவ்வியை மாட்டி முடுக்கிவிட்டார். ஈரமாக இருந்தவரை எப்படியோ ஓடியது. ராத்திரியில் காய்ந்து, முனைக்கும் கவ்விக்கும் நடுவில் சுவர் எழுப்பிவிட்டது. விளக்கெரிக்கக் கொஞ்சூண்டு கரண்ட் அதில் கசிந்து வரும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு ஆறு மாதிரி வேண்டும், அது வராது.

கலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூடி மேல ஒரு பொட்டு வெய்யுங்கன்னு சொன்னா, மொட்டை போட்டு சந்தனக்காப்பே சாத்திப்போட்டு வந்திருக்கறீங்க."

லாரி டிரைவரிடம் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கேட்டோம். அவர் ஸ்பேனரோடு தானும் இறங்கி வந்து, விஷயம் தெரிந்ததும் கிளீனரையும் கூப்பிட்டுக் காட்டினார். நிவேதா முதலில் கறுப்புக் கம்பியைக் கழற்றினாள், பிறகு சிவப்பு. இரண்டு கவ்விக்கும் உள்பக்கம் சந்தன வளையம் ஒட்டியிருந்தது. பிளாஸ்க் வெந்நீரில் துணியை நனைத்துத் துடைத்தோம். பிறகு காய்ந்த துணி. அதற்கும் போகாத இடத்தைத் தீப்பெட்டியின் உரசும் பக்கத்தால் தேய்த்தேன். தீப்பெட்டி பூஜைப் பையில் இருந்தது. சந்தன டப்பாவும் அதே பையில்தான் இருந்தது. ஈயம் பளபளவென்று வந்ததும் சிவப்பை முதலில் மாட்டி, கறுப்பைக் கடைசியாக மாட்டி, நன்றாக முடுக்கினோம்.

"நீங்க போடுங்க அப்பா," என்றாள் நிவேதா.

எனக்குக் கை வரவில்லை. நீயே போடு கண்ணு என்றேன். அவள் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். முழுதாகக்கூடத் திருப்பவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. லாரி டிரைவர் கை தட்டினார். பெட்ரோல் பங்க் ஊழியர் தூரத்திலிருந்து, இங்கே ஆனில் நிறுத்தாதே, எடு எடு என்று சைகை காட்டினார்.

1.25க்குக் கிளம்பினோம். கோரேகாவ், ஆம்பேத்தில் சாவித்திரி ஆற்றுப் பாலம், பிறகு மண்டணகட். சாலை குறுகல், வளைவுகள் அதிகம், ஆனால் வண்டிகள் குறைவு. செம்மண், முந்திரித் தோப்பு, ஓட்டு வீடுகள். நான் அன்றைக்குத்தான் ஊர் பார்க்க ஆரம்பித்தேன். மண்டணகட்டில் சும்மா ஒரு தடவை நிறுத்தி, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். பத்து கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கலா, இப்படி அணைத்து அணைத்துப் பார்த்தே அஞ்சு மணி ஆக்கிவிடுவீர்கள் என்றாள். அதோடு விட்டேன்.

கல்லூரி வாசலில் மணி 4.05. மொத்தம் 207 கிலோமீட்டர். நிவேதா கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள். நாங்கள் வராந்தாவில் நனைந்த பெஞ்சில் உட்கார்ந்தோம். நாற்பது நிமிடம் கழித்து வெளியே வந்தாள். ஒரு ரசீதைத் தூக்கிக் காட்டினாள். நான் வண்டிக்குப் போய் ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தேன். ஹார்ன் அடித்துவிட்டது. வாட்ச்மேன் வந்து என்ன என்று கேட்டார்.

அன்று இரவு தாபோலியில் லாட்ஜ், 1,400 ரூபாய். நான் மிச்சம் பிடித்த அதே வாடகைதான். அறைக்குப் போனதும் முதல் வேலையாக ஷிண்டேவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. நாங்களும் பூஜை போடுகிற ஆட்கள்தான் அண்ணா, ஆனால் மூடி மேல் வைப்போம், இப்படித் தலையில் பூசித் தலைப்பாகை கட்டுவதில்லை என்றார். மாட்டும்போது தானும் கவனித்திருக்க வேண்டும் என்றார். வரும்போது எனக்கு முந்திரி வாங்கி வா, கணக்குச் சரியாகிவிடும் என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

இனி இதே வழியில் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக்காலத்தில் தாம்ஹினியைச் சில நாள் மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். லோஹேகாவ், விமான் நகர் பக்கமிருந்து வருகிறவர்கள் ஐந்தரைக்கே கிளம்பினால் சாந்தனி சௌக்கை நிம்மதியாகத் தாண்டலாம். அருவியில் குளிப்பவர்கள் வளைவில் நிறுத்தாதீர்கள், உங்களுக்குப் பின்னால் அணைக்க முடியாத வண்டி ஒன்று வரலாம். பௌடைத் தாண்டினால் பெட்ரோலை நம்ப முடியாது, புனேயிலேயே நிரப்பிவிடுங்கள். முள் பாதியில் இருந்தாலும்.

பேட்டரி மாற்றிய பிறகு வண்டி கிளம்பாமல், விளக்கு மட்டும் எரிந்து 'டக்' என்றால், பேட்டரிக்காரரைத் திட்டுவதற்கு முன் முனையைக் கழற்றிப் பாருங்கள். ஆட்டிப் பார்ப்பது பார்ப்பது ஆகாது. கறுப்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனரும் ஜம்ப் கேபிளும் டிக்கியில் இருக்கட்டும். லாரியில் மாட்டாதீர்கள். அடுத்த வண்டியின் பேட்டரியில் கிளம்பியதால் உங்கள் பேட்டரி செத்தது என்று முடிவு கட்டாதீர்கள். ஜாதவ் காக்காவிடம் கேபிளைத் திருப்பிக் கொடுக்கும்போது இதைச் சொன்னேன். அவர், இருந்தாலும் கிளம்பியது என் பேட்டரியில்தானே என்றார். அதுவும் உண்மை. தூரத்து வேலைக்கு ஒரு நாள் முன்னாலேயே போய்விடுங்கள், இதை எனக்கு நானே எழுதிக்கொள்கிறேன்.

மறுநாள் காலை நிவேதாவை ஹாஸ்டலில் விட்டுவிட்டுக் கிளம்பும் நேரம் வந்தது. மழை விட்டிருந்தது. வாசலில் மூன்று பைகளையும் வாளியையும் இறக்கி வைத்தோம். கலா பூஜைப் பையைத் திறந்து சந்தன டப்பாவை எடுத்தாள். நான் ஓடிப்போய் பானெட்டுக்கு முன்னால் நின்றுகொண்டேன். அவள் என்னைப் பார்க்கவேயில்லை. நிவேதாவின் நெற்றியில் ஒரு கீற்று வைத்தாள். லேப்டாப்புக்கு வைத்தபோது கத்திய பிள்ளை அன்றைக்குச் சும்மா தலையைக் குனிந்து காட்டினாள்.

பிறகு கலா விரலில் மிச்சமிருந்ததோடு என் பக்கம் வந்தாள். நான் பின்வாங்கினேன்.

"பயப்படாதீங்க," என்று என் நெற்றி நிறையப் பூசினாள். "இங்க வெச்சா ஒண்ணும் ஆவாதுங்க. இந்த இடத்துல கரண்ட் எப்பவுமே வந்ததில்லீங்களே."

நிவேதா சிரித்த சிரிப்பில் வார்டன் ஜன்னலைத் திறந்து பார்த்தார். அவள் சிரிப்பு நிற்பதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று வண்டியில் ஏறி சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் கிளம்பியது.